காலைக் காபி: கொடுக்கிறதா, திருப்பிக் கொடுக்கிறதா?

காலை ஆறரை மணிக்கே ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வெறும் வயிற்றில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள். கவனித்துப் பார்த்தால், பசியில் முகம் வாடியவர்கள் அதில் குறைவு. நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். "ஏம்மா, என் டோக்கனைக் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடும்மா. காபி குடிக்காம தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்கிறார் ஒரு பெரியவர். "இன்னும் ரெண்டு பேருதாங்கய்யா. வேணும்னா தண்ணி குடிங்க" என்கிறார் ஊசியும் பஞ்சுமாக நிற்கும் பெண். ரத்தம் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே பெரியவர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். பாதி டம்ளர் இறங்கியதும் பக்கத்தில் நிற்பவரிடம் அரசியல் பேசத் தொடங்குகிறார்.

கேட்டால், காபி குடித்தால்தான் சுறுசுறுப்பு வருகிறது என்பார். நாமும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அந்தத் தலைவலி எங்கிருந்து வந்தது? அதே வரிசையில், அதே பட்டினியோடு, காபிப் பழக்கமே இல்லாத ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தலை வலிக்கவில்லை. பெரியவருக்குக் காபிக்குப் பிறகு வந்த தெளிவு அவருக்கு எழுந்ததிலிருந்தே இருக்கிறது. அப்படியானால் காலைக் காபி புதிதாக எதையாவது கொடுக்கிறதா, இல்லை நேற்றைய காபி எடுத்துக்கொண்டு போனதைத்தான் திருப்பிக் கொடுக்கிறதா?

உளவியல் ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி இது. இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ஆதாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியும். காபிப் பிரியர்களுக்கு அது அவ்வளவு இனிக்காது.

விடியும்போது உடம்பில் என்ன மிச்சம்?

மாலை ஐந்து மணிக்குக் கடைசிக் காபியைக் குடிப்பவர் காலை ஏழு மணிக்கு அடுத்த டம்ளரைக் கையில் எடுக்கும்போது 14 மணி நேரம் ஓடியிருக்கும். காபியில் விழிப்பூட்டும் பொருளான கஃபீனின் அளவு உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டால், மாலையில் போன கஃபீனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் காலையில் மிச்சம். இது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். சிகரெட் பிடிப்பவர்களின் உடலிலிருந்து கஃபீன் வேகமாக வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தங்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இன்னும் நீளும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே இருக்கிறது. செல்கள் ஆற்றலைச் செலவழிப்பதால் உண்டாவது இது. செல்களின் மேலிருக்கும் ஏற்பிகளில் இது போய் ஒட்ட ஒட்ட, அவற்றின் பரபரப்பு அடங்குகிறது, கண் சொக்குகிறது. தூங்கி எழும்போது அளவு இறங்கியிருக்கும். கஃபீனின் வடிவம் அடினோசினை ஒத்தது என்பதால் அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அடினோசின் செய்யும் வேலையைச் செய்வதில்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. அசதி அப்படியேதான் இருக்கிறது, மூளைக்குத்தான் தெரியவில்லை.

இப்படித் தினமும் மறித்தால் உடம்பு சும்மா இருக்குமா? அடினோசினைக் கூடுதலாக உணரும்படி தன்னை மாற்றிக்கொள்கிறது. விலங்குகளுக்குத் தொடர்ந்து கஃபீன் கொடுத்துப் பார்த்தபோது மூளையில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடியிருந்தது. அதனால் கஃபீன் வடிந்துபோன காலையில், மற்றவர்களை ஒன்றும் செய்யாத அளவு அடினோசினே காபிப் பழக்கக்காரரை அயர்த்திவிடுகிறது. இதோடு ரத்தக் குழாய்களும் சேர்ந்துகொள்கின்றன. கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியது. அது இல்லாதபோது அவை விரிந்து ரத்த ஓட்டம் கூடுகிறது. நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிப்பதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. கடையில் விற்கும் சில தலைவலி மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் படித்தால் உட்பொருள்களில் கஃபீனும் இருக்கும்.

இதெல்லாம் மனப்பிரமை என்று ஒரு காலத்தில் ஒதுக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸின் குழு 1992-ல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பேச்சை அடக்கியது. 62 பேர். குடிகாரர்கள் மாதிரி காபியை மொண்டு குடித்தவர்கள் இல்லை, நாளுக்குச் சராசரி 235 மில்லிகிராம் கஃபீன் எடுத்த சாதாரண ஆட்கள். கஃபீனை நிறுத்தி, அவர்களுக்கே தெரியாமல் வெற்று மாத்திரை கொடுத்த நாள்களில் 52 விழுக்காட்டினருக்கு மிதமானதோ கடுமையானதோ ஆன தலைவலி வந்தது. பிறகு 2004-ல் லாரா ஜூலியானோவும் கிரிஃபித்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதினார்கள். கஃபீனை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கும், 20 முதல் 51 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், 2 முதல் 9 நாள் வரை நீடிக்கும். தலைவலி, அசதி, மந்தம், எரிச்சல், மனம் ஒன்றாமை எல்லாம் பட்டியலில் உண்டு. நாளுக்கு 100 மில்லிகிராம் எடுப்பவர்களுக்குக்கூட இது வரலாம். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இந்த அறிகுறிகளைக் கஃபீன் விலகல் என்ற பெயரில் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது.

12 மணி நேரத்தில் தொடங்கும் என்பதைக் கவனியுங்கள். மாலைக் காபிக்கும் காலைக் காபிக்கும் நடுவே நாம் தினமும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறோம். "காபி குடிக்கிற வரைக்கும் என்கிட்ட யாரும் பேசாதீங்க" என்று வீட்டில் ஒருவர் சொல்கிறாரே, அவருடைய சுபாவம் அப்படி இருக்க வேண்டியதில்லை. விலகல் தொடங்கியிருக்கலாம்.

நூறு ஆண்டுப் பிழை

கஃபீனை முறையாகச் சோதித்த முதல் பெரிய ஆய்வுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1909-ல் அமெரிக்க அரசு 40 பீப்பாய், 20 சிறு பீப்பாய் கோக கோலா பாகைப் பறிமுதல் செய்தது. அதில் சேர்த்திருக்கும் கஃபீன் உடலுக்குக் கெடுதி என்பது குற்றச்சாட்டு. 1911 மார்ச்சில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் விசாரணை தொடங்கியது. தன் பக்கத்துக்கு ஆதாரம் தேடிய நிறுவனம், பார்னார்ட் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த இளம் உளவியலாளர் ஹாரி ஹாலிங்வொர்த்தை அமர்த்தியது. கையில் காசில்லாதவர், மனைவி லீட்டாவின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. ஆனாலும் மனிதர் உஷாரானவர். முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவேன், அதை நீங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். மன்ஹாட்டனில் ஒரு குடியிருப்பை வாடகைக்கு எடுத்து, 16 பேரை வைத்து, 40 நாள் சோதனை நடத்தினார். அன்றாட மேற்பார்வை லீட்டாவினுடையது. எந்த மாத்திரையில் கஃபீன் இருக்கிறது என்பது விழுங்குபவருக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. அந்தக் காலத்துக்கு அது அபூர்வமான கறார். கஃபீன் வேகத்தைக் கூட்டுகிறது என்றுதான் முடிவு வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் நூற்றுக்கணக்கில். பெரும்பாலானவற்றின் வழிமுறை ஒன்றுதான். ஆள்களிடம் "நாளைக் காலை காபி குடிக்காமல் வாருங்கள்" என்பார்கள். பாதிப் பேருக்குக் கஃபீன், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. கஃபீன் கிடைத்தவர்கள் சோதனையில் நன்றாகச் செய்வார்கள். கஃபீன் விழிப்பைக் கூட்டுகிறது என்று கட்டுரை எழுதுவார்கள்.

ஓட்டை எங்கே என்று பரிசோதனை நிலையப் பெரியவரை நினைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெற்று மாத்திரை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தினம் காபி குடிக்கிறவர்கள். இரவு முழுக்கக் கஃபீன் இல்லாமல் மந்தமாக வந்தவர்கள். ஓர் அணியின் காலைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றோர் அணி வேகமாக ஓடியது என்று சொல்வதைப் போன்றது இது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜாக் ஜேம்ஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 2005-ல் அவரும் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துப் பீட்டர் ரோஜர்ஸும் சேர்ந்து, கஃபீன் தருவதாகச் சொல்லப்படும் பயன்களுக்கு விலகல் நீங்குவதே மிகப் பொருத்தமான விளக்கம் என்று எழுதினார்கள். ஆய்வுலகில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

2010-ல் ரோஜர்ஸின் குழு 379 பேரை வைத்து நேரடியாகவே சோதித்தது. கஃபீனே எடுக்காதவர், மிகக் கொஞ்சமாக எடுப்பவர் ஒரு பக்கம். நடுத்தரமாகவும் அதிகமாகவும் எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். 16 மணி நேரம் எல்லோருக்கும் கஃபீன் கிடையாது. பிறகு சிலருக்கு முதலில் 100 மில்லிகிராம், சற்று நேரம் கழித்து 150 மில்லிகிராம் கஃபீன். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. கஃபீன் கிடைக்காத பழக்கக்காரர்களுக்கு விழிப்பு இறங்கியது, தலை வலித்தது. கஃபீன் கிடைத்த பழக்கக்காரர்கள் தெளிவாக இருந்தார்கள். ஆனால் எவ்வளவு தெளிவு? கஃபீனே வாங்காத, வழக்கமாகக் குடிக்காதவர்களின் அளவுக்கு. அதற்கு மேலே போகவில்லை. குடிக்காதவர்களுக்குக் கஃபீன் கொடுத்தபோது அவர்களுடைய விழிப்பும் உயரவில்லை, பதற்றம்தான் கூடியது.

அந்த முடிவை நம் காலை நேரத்தில் வைத்துப் பாருங்கள். டவரா டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்து நாம் அடையும் நிலை, காபி குடிக்காத அடுத்த வீட்டுக்காரர் பல் தேய்க்கும்போதே இருக்கும் நிலை.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டேசி சிக்மனும் சகாக்களும் 2009-ல் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். ஒரே ஆட்களுக்குச் சில வாரம் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன், சில வாரம் வெற்று மாத்திரை. கஃபீனைத் தொடர்ந்து எடுக்கும் காலத்தையும், முழுக்க விட்டுப் பழகிய காலத்தையும் ஒப்பிட்டபோது, தொடர்ந்து எடுத்ததால் நிகர லாபம் எதுவும் தெரியவில்லை.

எதிர்த்தரப்பு

மறுப்பவர்கள் லேசான ஆட்கள் இல்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஸ்மித் நெடுங்காலமாக எதிர்த்தரப்பில் நிற்கிறார். 2005-ல் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் 24 பழக்கக்காரர்களுக்கும் 24 பழக்கமில்லாதவர்களுக்கும் 75, 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் இரண்டு தரப்புக்குமே மனநிலையிலும் கவனத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. விலகலே இல்லாதவருக்கும் பயன் என்றால், விலகல் வாதம் மட்டும் போதாதே என்பது இவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் எப்போதாவது குடிப்பவருக்கு முதல் டம்ளர் என்ன செய்கிறது என்பது ஒன்று, இருபது வருடமாகத் தினம் குடிப்பவருக்கு ஏழாயிரத்துச் சொச்சமாவது டம்ளர் என்ன செய்கிறது என்பது வேறு. இதைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. நன்றாகத் தூங்கி எழுந்த தினசரிக் காபிக்காரரின் விஷயத்தில் ரோஜர்ஸ் பக்கமே ஆதாரம் கனமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த ரோஜர்ஸும் ஒன்றை விட்டுக்கொடுத்தார்: 2013-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், பழக்கக்காரர்களிடமும் விரலால் தட்டும் வேகம் போன்ற உடல் வேகம் கஃபீனால் கூடியது. மூளை கூர்மையாகவில்லை, கை மட்டும் வேகமானது.

"நன்றாகத் தூங்கி எழுந்த" என்று ஒரு நிபந்தனை போட்டேன் அல்லவா? வழக்கின் திருப்பமே அங்கேதான். தூக்கம் கெட்டவருக்குக் கஃபீன் மெய்யாகவே கைகொடுக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் சீல் படைக்கான பயிற்சியில் நரக வாரம் என்றே பெயர் வாங்கிய ஒரு வாரம் உண்டு. 72 மணி நேரம் தூக்கமில்லாமல் குளிரிலும் உழைப்பிலும் துவண்ட 68 பயிற்சி வீரர்களுக்கு 100, 200, 300 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. கண்காணிப்புத் திறனும் எதிர்வினை வேகமும் தெளிவாக மேம்பட்டன. 200 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் நெடுந்தூர லாரி டிரைவர்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், விழித்திருப்பதற்காகக் கஃபீன் எடுத்தவர்களுக்கு விபத்து வாய்ப்பு 63 விழுக்காடு குறைவாக இருந்தது. நள்ளிரவில் கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவருக்கும், மூன்று மணிக்கு வார்டில் மருந்து கொடுக்கும் செவிலியருக்கும், தொப்பூர்க் கணவாயில் இறங்கும் டிரைவருக்கும் காபியும் டீயும் வெறும் பழக்கமில்லை, பாதுகாப்பும்கூட. ஆனால் இதுவும் தூக்கத்துக்கு மாற்றில்லை, கொஞ்ச நேரத்துக்குத் தாங்குகட்டை.

இங்கே நம் மாலைக் காபி மாட்டிக்கொள்கிறது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. 400 என்பது பெரிய அளவு, நம் ஒரு டம்ளரில் அத்தனை இருக்காது. என்றாலும் மாலை ஆறு மணிக்கு ஒன்று, விருந்தாளி வந்தார் என்று ஏழரைக்கு ஒன்று என்று போனால் அதன் விலையை இரவு கொடுக்கிறது. காலையில் அசதி, அசதிக்கு இரண்டு டம்ளர். காலைக் காபி நிஜமாகவே வேலை செய்கிற நாள்கள் பெரும்பாலும் முந்தைய மாலைக் காபி தூக்கத்தைக் கெடுத்த நாள்கள் என்பது என் சந்தேகம்.

எழுந்து 90 நிமிடம் கழித்துத்தான் காபியைத் தொட வேண்டும், அப்போதுதான் மதியம் சோர்வு வராது என்று இப்போது கைபேசித் திரையெல்லாம் உபதேசம் ஓடுகிறது. அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. நம்பி ஒன்றரை மணி நேரம் தலைவலியோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

டம்ளருக்குள் எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், உடனடிக் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் கஃபீன் என்கிறது. நாளுக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்பது அதன் அறிவுரை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்றும் சொல்கிறது, உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அவை தடுப்பதால். டிபன் முடிந்த கையோடு காபி என்ற நம் வழக்கத்துக்கு அது நேர் எதிர்.

ஃபில்டர் காபியில் இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. மேல் கிண்ணத்தில் பொடியைப் போட்டு, லேசாக அமுக்கி, கொதிக்கும் நீரை ஊற்றிவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்குகிற முதல் டிகாஷனில்தான் கஃபீனின் பெரும்பங்கு இருக்கும். மீதிப் பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாஷன் நிறத்தைக் காட்டிலும் பலத்தில் குறைவு. மாமனாருக்கு முதல் டிகாஷன், மருமகளுக்கு இரண்டாவது என்று நடந்த வீடுகளில் யாருக்குத் தலைவலி வந்திருக்கும் என்று யோசிக்கலாம். சிக்கரியில் கஃபீன் துளியும் இல்லை. சிக்கரி கலந்த காபிப்பொடியில் குறைந்தது 51 விழுக்காடு காபி இருந்தால் போதும் என்கிறது நம் நாட்டு விதி. 80:20 வாங்குபவரும் 60:40 வாங்குபவரும் ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒரே அளவு கஃபீன் குடிப்பதில்லை. ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் உண்டு.

முதல் வாய் உள்ளே போனதுமே கண் திறந்துவிட்டது என்கிறோமே, அது கஃபீனின் வேலையாக இருக்க முடியாது. குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி உச்சத்தை எட்ட அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். சிட்னி பல்கலைக்கழகத்தில் 2023-ல் வெளியான ஆய்வு இதை அழகாகப் பிடித்தது. நாளுக்கு மூன்று கோப்பையோ அதற்கு மேலோ குடிக்கும் 61 பேரை 24 மணி நேரம் காபி இல்லாமல் இருக்க வைத்தார்கள். பிறகு சிலருக்குக் கஃபீன் நீக்கிய காபி. அது கஃபீன் நீக்கியதுதான் என்று சொல்லியே கொடுக்கப்பட்டவர்களுக்கும் விலகல் அறிகுறிகள் குறைந்தன, தண்ணீர் குடித்தவர்களுக்குக் கிடைக்காத நிவாரணம். மணமும் சூடும் கசப்பும் வழக்கமான நேரமும் சேர்ந்தே ஒரு பங்கு வேலையைச் செய்துவிடுகின்றன. இந்தப் பழக்கமே நமக்குப் பின்னால் வந்ததுதான். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழர் வாழ்வில் காபி எப்படி நுழைந்தது, அதற்கு எத்தனை எதிர்ப்பு இருந்தது என்பதை விரிவாகச் சொல்கிறது. அதற்கு முன்பு நீராகாரமும் பழைய சோறும் சாப்பிட்டு வயலுக்குப் போனவர்கள் அரைத்தூக்கத்தில் ஏர் ஓட்டவில்லை.

காபியை விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ருசிக்குக் குடிக்கலாம், பேச்சுத்துணைக்குக் குடிக்கலாம். விட்டுப் பார்க்க ஆசைப்படுபவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டாம் நாள் தலைவலியில் சரணடைந்துவிடுவார். முதலில் மாலைக் காபியை நிறுத்தி, பிறகு 80:20-லிருந்து 60:40-க்கு இறங்கி, டிகாஷன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் இறங்கினால் அவ்வளவு தொந்தரவு இருக்காது.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது ருசி விஷயமில்லை. முந்தைய இரவிலிருந்து பட்டினி என்றால் கஃபீனும் நின்றுபோகும். மயக்கம் தெளிந்து எழும்போது வரும் தலைவலியில் ஒரு பங்கு இதனால் வருவது மருத்துவ உலகில் 1980-களிலிருந்தே பேசப்படுகிறது. பால் சேர்க்காத காபியை மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பல மருத்துவ வழிகாட்டிகள் அனுமதிக்கின்றன. பால் கலந்த நம் ஃபில்டர் காபிக்கு அந்தச் சலுகை இல்லை, ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். எதுவாக இருந்தாலும் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. நாளொன்றுக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறீர்கள், கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை மயக்க மருந்து நிபுணர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.